இரண்டு பேருக்கு ஒரு கோப்பையா?

சென்ற மாத இதழின் கடைசிப் பக்கத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழா அறிவிப்பு வந்திருந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேரம், ஷட்டில், டேபிள் டென்னிஸ் என்று பிரிவு பிரிவாகப் போட்டிருந்த அந்தப் பட்டியலில், பரிசு விவரத்தை மட்டும் தயவுசெய்து மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை. இரட்டையர் ஆட்டத்தில் ஜெயிக்கும் ஜோடிக்கும் ஒரு கோப்பை. இருவருக்கும் சேர்த்து, ஒன்றே ஒன்று.

செயற்குழுவில் இருப்பவர்கள் அனைவரும் எனக்கு வேண்டியவர்கள். ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, வீடு வீடாக நன்கொடை வசூலித்து, தில்லி வெயிலில் மைதானத்துக்கு அலைந்து இந்த விழாவை நடத்துகிறவர்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் இந்த ஒற்றைக் கோப்பை விஷயத்தில் எனக்குச் சொந்தமாக ஓர் உறுத்தல் உண்டு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

2008-ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் பகுதியில் இருந்த ஒரு கிளப்பில் மாலை வேளைகளில் டென்னிஸ் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் நடந்த சிறுமியர் போட்டியில், பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு பஞ்சாபிப் பெண்ணோடு சேர்ந்து இரட்டையர் பிரிவில் ஜெயித்தாள். மேடையில் இருவரையும் கூப்பிட்டு ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். கீழே இறங்கியதும்தான் கேள்வி வந்தது: யார் வீட்டுக்கு எடுத்துப் போவது? ஆறு மாதம் எங்கள் வீடு, ஆறு மாதம் அவர்கள் வீடு என்று குழந்தைகளே பேசி முடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அவ்வளவு புத்தி இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன்: "அடுத்த வருஷம் சிங்கிள்ஸ் ஆடி ஜெயிச்சுட்டு வா. முழுக் கோப்பையா வரும்."

ஏதோ பெரிய ஊக்கம் கொடுத்துவிட்டதாக எனக்கு எண்ணம். அடுத்த இரண்டு வருஷமும் அவளை ஒற்றையரில் மட்டும்தான் பெயர் கொடுக்க வைத்தேன். இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றாள். தனியாக ஆடும் ஆட்டம் அவளுக்கு வரவில்லை. வலையருகே நிற்பதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டை பரணுக்குப் போனது. நானும் படிப்புதான் முக்கியம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இனி 2015-ஆம் ஆண்டு ஜூலை 11, சனிக்கிழமை இரவுக்கு வருகிறேன். விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் நம் ஹைதராபாத் சானியா மிர்ஸாவும் ஸ்விட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும். எதிர்ப்பக்கம் ரஷ்யாவின் எகாடெரினா மகரோவாவும் எலெனா வெஸ்னினாவும். லண்டனில் பொழுது மங்குகிற நேரம் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளும் நானும் மட்டும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

முதல் செட் 5-7 என்று போயிற்று. இரண்டாவது செட்டை டை-பிரேக்கில் பிடித்தார்கள். மூன்றாவது செட்டில் 2-5. இன்னும் ஒரு கேம் போனால் கதை முடிந்தது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். "உட்காருங்கப்பா, டபுள்ஸ்ல எதுவும் நடக்கும்" என்றாள். நடந்தது. 5-5 என்று சமமானபோது வெளிச்சம் போதவில்லை என்று ஆட்டத்தை நிறுத்தி, சென்டர் கோர்ட்டின் கூரையை மூடி, விளக்கைப் போட்டார்கள். திரும்பி வந்து அந்தச் செட்டை 7-5 என்று முடித்தார்கள். விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் பட்டத்தை இந்தியப் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை.

பரிசளிப்பில் சானியா கையில் ஒரு வெள்ளிக் கோப்பை, ஹிங்கிஸ் கையில் ஒரு வெள்ளிக் கோப்பை. என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்காங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். குற்றம் சாட்டும் குரலில் கூடச் சொல்லவில்லை. எழுந்து படுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நம்மில் பலருக்கு இரட்டையர் ஆட்டம் என்றால் ஒற்றையர் ஆட முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அது எவ்வளவு தவறு என்பதை ஆட்டத்தையே வைத்துச் சொல்லலாம்.

ஒற்றையருக்கு ஆடுகளத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. இரண்டு ஓரங்களிலும் நாலரை நாலரை அடி கூடுகிறது. நீளம் அதே 78 அடிதான். அந்த இடத்துக்குள் நாலு பேர். வலையருகே நிற்பவருக்கு யோசிக்க நேரமே கிடையாது. பந்து வருவதற்குள் கை தயாராக இருக்க வேண்டும். சர்வ் போடும் முறை நாலு பேருக்கும் சுற்றி வருவதால், ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒளிந்துகொள்ளவும் முடியாது. சர்வ் வரும்போது யார் எந்தப் பக்கம் நின்று வாங்குவது என்பதை அந்தச் செட் முழுவதும் மாற்றக் கூடாது. பலவீனமானவர் யார் என்று எதிரிகள் கண்டுபிடித்துவிட்டால் பந்தெல்லாம் அவரைத் தேடித்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருவருக்கும் நடுவில் வரும் பந்து யாருடையது? இருவரும் பாய்ந்தால் மட்டையும் மட்டையும் மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் பந்து நடுவே போய்விடும். இதை அரை நொடியில் தீர்மானிக்கும் பழக்கம், கூட நிற்பவரைத் தன்னைப்போல் தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் வரும். இது ஒரு தனி வித்தை. ஒற்றையரில் மிச்சப்பட்ட வித்தை அல்ல.

மார்ட்டினா நவரத்திலோவாவை நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர் என்றுதான் அவரைச் சொல்வோம். அவரே பாம் ஷ்ரைவருடன் சேர்ந்து 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 இரட்டையர் ஆட்டங்களில் தோற்காமல் இருந்தவர் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? செரீனா வில்லியம்ஸ் அக்கா வீனஸுடன் சேர்ந்து கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் இறுதிப் போட்டிக்கு 14 முறை போனார். 14 முறையும் ஜெயித்தார். தனியாக ஆடத் தெரியாதவர்களா இவர்கள்?

சானியாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றையரில் 2007-ஆம் ஆண்டு உலக வரிசையில் 27-ஆவது இடம் வரை வந்தவர். மணிக்கட்டிலும் முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை. உடம்பு இடம் கொடுக்காமல் 2013-ஆம் ஆண்டு ஒற்றையரை விட்டார். அப்போது, "இனிமேல் என்ன, டபுள்ஸ்தானே" என்று உதட்டைப் பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். 2015 மார்ச்சில் ஹிங்கிஸுடன் சேர்ந்தார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று மூன்று போட்டிகளை அடுத்தடுத்து ஜெயித்தார்கள். ஏப்ரலில் சானியா இரட்டையர் வரிசையில் உலகின் முதல் இடத்துக்கு வந்தார். அங்கே மொத்தம் 91 வாரங்கள் இருந்தார். விம்பிள்டனுக்குப் பிறகு அதே வருஷம் அமெரிக்க ஓபன், 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொடர்ந்து 41 ஆட்டங்களில் அந்த ஜோடியை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை.

"ஹிங்கிஸ் கூட இருந்ததால்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2015-ஆம் ஆண்டு எங்கள் காலனிப் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் இதை வாரக்கணக்கில் கேட்டேன். அவர்களுக்கு என் பதில், ஹிங்கிஸிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள் என்பதுதான். 16 வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர், இரண்டு முறை ஆட்டத்தை விட்டுப் போய், இரட்டையர் ஆடத்தான் 2013-ஆம் ஆண்டு மீண்டும் வந்தார். பின்னாலிருந்து பலமாக அடிக்க சானியாவின் ஃபோர்ஹேண்ட், வலையருகே பந்தின் போக்கை முன்கூட்டியே படிக்க ஹிங்கிஸின் கண். இதில் யார் யாரைத் தூக்கிவிட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? பிரித்துச் சொல்ல முடியாமல் இருப்பதுதான் நல்ல ஜோடிக்கு அடையாளம்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் இருக்கிறது. அந்த இறுதிப் போட்டியில் எதிர்ப்பக்கம் நின்ற வெஸ்னினா யார்? 2011-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓபனில் சானியாவின் ஜோடியாக நின்று இறுதிப் போட்டி வரை வந்தவர். அன்று பக்கத்தில், இன்று எதிரில். 2016 பிப்ரவரியில் தோஹாவில் அந்த 41 ஆட்டத் தொடரை முறித்த ஜோடியிலும் அவர் இருந்தார். நேற்றுக் கூட ஆடியவரின் பலம் பலவீனம் எல்லாம் தெரிந்துகொண்டு இன்று எதிர்த்து ஆடுவது, நாளைக்கு மறுபடி சேர வேண்டி வரலாம் என்பதால் மரியாதை குறையாமல் ஆடுவது. இதையும் இந்த ஆட்டம்தான் கற்றுக்கொடுக்கிறது.

நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வருவோம். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரில் ஒரு சுற்று ஜெயித்தார். ஓபன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்று அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறோம். நியாயம்தான். ஆனால் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நம் தில்லியிலேயே நடந்தபோது, ஆர்.கே. கன்னா மைதானத்தில் சானியாவுடன் சேர்ந்து பெண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கிய சென்னைப் பெண் யார் என்று நம் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். ரஷ்மி சக்கரவர்த்தி. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் இருவரும் சேர்ந்து அதே விம்பிள்டன் புல்தரையில் ஆடினார்கள். முதல் சுற்றில் தைவான் ஜோடியிடம் தோற்றார்கள். நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பதக்கம் வாங்கிய பெண்ணின் பெயர் நம் நாக்கில் நிற்கவில்லை. இரட்டையர் என்றால் பாதிப் பதக்கம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டதுதான் காரணம்.

2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடந்தது. ஒற்றையரில் செக் நாட்டின் இளம்பெண் லிண்டா ஃப்ருவிர்த்தோவா பட்டம் வென்றதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. இரட்டையரில் வென்றவர்கள் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும். இந்த ஸ்டெஃபானி 2021-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் இரட்டையர் அரையிறுதியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் சவ்வு கிழிந்து, சக்கர நாற்காலியில் வெளியே போனவர். அன்று அவர் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் டப்ரோவ்ஸ்கி. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஸ்டெஃபானி மறுபடி மட்டை பிடித்த போட்டி நுங்கம்பாக்கம். பக்கத்தில் நின்றவர் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதிப் போட்டியை 6-1, 6-2 என்று ஜெயித்தார்கள். நம் ஊரில் நடந்த இந்தக் கதை நம்மில் எத்தனை பேர் காதுக்கு வந்தது?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றையரில் ஓட்டம் அதிகம், களைப்பு அதிகம், பார்க்க வரும் கூட்டமும் அதிகம். முன்னணி வீராங்கனைகள் பலர் இரட்டையரில் ஆடுவதே இல்லை. ஆகையால் பணமும் அங்கேதான் போகிறது. 2015 விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்ற செரீனாவுக்குப் பரிசு 18 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. சானியா, ஹிங்கிஸ் இருவருக்கும் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம். ஆளுக்கு என்று பார்த்தால் பதினொன்றில் ஒரு பங்கு. தொழில்முறை ஆட்டத்தில் டிக்கெட் வாங்குகிறவர், விளம்பரம் கொடுக்கிறவர் என்று ஆயிரம் கணக்கு இருக்கும். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பணத்தில் பாரபட்சம் காட்டும் விம்பிள்டன்கூட மரியாதையில் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பை ஆளுக்கு ஒன்று. டிக்கெட்டும் விளம்பரமும் இல்லாத நம் சங்கத்து விழாவில் நாம் ஏன் குறைக்க வேண்டும்?

அந்த வருஷம் விம்பிள்டனில் இந்தியர்களுக்குக் கிடைத்த பட்டங்கள் மூன்று. சானியாவுக்குப் பெண்கள் இரட்டையர். மறுநாள் லியாண்டர் பயஸுக்கு அதே ஹிங்கிஸுடன் கலப்பு இரட்டையர். சிறுவர் பிரிவில் சுமித் நாகலுக்கு வியட்நாம் பையன் ஒருவனுடன் இரட்டையர். மூன்றும் இரட்டையர்தான். நம் நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த ஆட்டத்தை நாமே இரண்டாந்தரம் என்று நினைப்பது என்ன நியாயம்?

சங்கீதத்தில் நாம் இந்தத் தவறைச் செய்வதில்லை. பம்பாய் சகோதரிகள் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "இவர்களில் யார் தனியாகப் பாடினால் தேவலை" என்று யாராவது கேட்டோமா? சரோஜா, லலிதா இருவரும் நம்மைப்போல வெளியூரில் வளர்ந்தவர்கள். பம்பாய் என்ற பெயரையே சென்னைக்குக் கொண்டுபோனவர்கள். 2010-ஆம் ஆண்டு மியூசிக் அகாடமி அவர்கள் இருவரையும் சங்கீத கலாநிதி ஆக்கியது. பாதிப் பாதிக் கலாநிதி என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்து பாடுவது ஒரு தனி வித்தை என்று நமக்குத் தெரியும். சேர்ந்து ஆடுவதும் அப்படித்தான்.

இது வெறும் விளையாட்டு விஷயம் அல்ல என்பது என் தாழ்மையான கருத்து. ஊரைவிட்டு வந்து இங்கே குடும்பம் நடத்துகிற நமக்கு, பிள்ளைகள் தனியாக நின்று ஜெயிக்க வேண்டும் என்ற கவலை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. முதல் ராங்க், முதல் பரிசு, தனிப் பெயர். சேர்ந்து செய்த காரியத்தில் நம் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நான் நிறுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பெண்ணின் ஆட்டம் போயிற்று. அவள் உலகப் புகழ் பெற்றிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்திருப்பாள்; ஒரு தோழியும் கூடவே இருந்திருப்பாள். அதுவே போதாதா?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, இந்த வருஷம் முதல் எல்லா இரட்டையர் பிரிவிலும் ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரே அளவில் கொடுங்கள். இரண்டாவது, மேடையில் ஒருவர் பெயரைச் சொல்லி "மற்றும் அவருடைய பார்ட்னர்" என்று கூப்பிடும் வழக்கத்தை விட்டு, இருவர் பெயரையும் முழுதாகச் சொல்லுங்கள். மூன்றாவது, இரட்டையர் இறுதி ஆட்டங்களை எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போன பிறகு வைக்காமல், கூட்டம் இருக்கும்போதே நடத்துங்கள். கூடுதல் கோப்பைகளுக்கு ஆகும் செலவை இந்த வருஷம் நான் ஏற்றுக்கொள்கிறேன். பொருளாளர் தொகையைச் சொன்னால் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரே வார்த்தை. உங்கள் பெண் இரட்டையரில் ஜெயித்துவிட்டு வந்தால், "சிங்கிள்ஸ் என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். கூட ஆடிய பெண்ணையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டிபன் கொடுங்கள்.

2008-ஆம் ஆண்டுக் கோப்பை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அவர்கள் முறை வருவதற்குள் அந்தப் பெண்ணின் தந்தைக்கு லூதியானாவுக்கு மாற்றலாகிவிட்டது. அவசரத்தில் கிளம்பினார்கள், கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதில் இரண்டு பெயர்கள் பொறித்திருக்கின்றன. தூசி தட்டும்போதெல்லாம் இரண்டையும் வாசிக்கிறேன்.